டொன்சில் கல்லும் அடிக்கடி வரும் தொண்டை நோவும்: வீட்டில் செய்ய வேண்டியவை

இருமும்போது சோற்றுப் பருக்கையளவான, நசித்தால் கடுமையாக நாறும் வெண்மஞ்சள் கட்டியொன்று வெளியே வந்தால், அது பெரும்பாலும் டொன்சில் கல்லாகும். தொண்டையின் இரு பக்கமும் உள்ள சதைகளான டொன்சில்களின் மேற்பரப்பிலுள்ள குழிகளில் உணவுத் துணுக்குகளும் உதிர்ந்த கலங்களும் தேங்க, அவற்றில் பற்றீரியாக்கள் பெருகிக் கந்தகச் சேர்வைகளை வெளிவிடுகின்றன. நாற்றத்துக்குக் காரணம் அதுவே. பின்னர் கல்சியம் படிந்து கட்டி இறுகுகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணத்தைக் கண்டு பழகிய வன்னி மக்கள் இதற்கும் கிணற்று நீரையே குறை கூறுவதுண்டு. ஆனால் இந்தக் கல்சியம் உமிழ்நீரிலிருந்து வருவது. அரிவு வெட்டு நாட்களில் தண்ணீர் குடிக்காமல் வாய் காயவிடுவதே கூடிய கேடு.

கொதித்தாறிய இளஞ்சூட்டு நீர் ஒரு குவளையில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பின் தலையைச் சற்று அண்ணாந்து நன்றாகக் கொப்பளியுங்கள், நாக்கையும் துலக்குங்கள். ஈர்க்கு, ஊசி போன்றவற்றால் கல்லைத் தோண்ட வேண்டாம். டொன்சில் இரத்த ஓட்டம் மிகுந்த சதை என்பதால் சிறு கீறலும் நிறைய இரத்தம் பெருகச் செய்யும்.

கல் மட்டும் இருந்தால் காய்ச்சல் வராது. தடிமனும் இருமலும் சேர்ந்த தொண்டை நோவு பெரும்பாலும் வைரசால் வருவது. அதற்கு நுண்ணுயிர்கொல்லி பயனற்றது. இருமலின்றிக் காய்ச்சலும், டொன்சிலில் சீழும், கழுத்தில் நெறியும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாவின் தொற்றாக இருக்கலாம். அதைச் சரிவரக் குணப்படுத்தாவிட்டால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, இதய வால்வுகளைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சல் வரலாம். ஆகவே 10 நாட்களுக்குப் பென்சிலின் தரப்பட்டால், மூன்றாம் நாளே நோ மாறினாலும் நிறுத்தாதீர்கள். மிச்ச மாத்திரையை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிய வேண்டியது.

தொண்டை நோவு வரும் ஒவ்வொரு தடவையும் திகதி, காய்ச்சல், குடித்த மருந்து ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஓராண்டில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 தடவை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 3 தடவை தொற்று வந்திருந்தால் சத்திரசிகிச்சை பற்றிக் காது, மூக்கு, தொண்டை நிபுணர் யோசிப்பார். வெறும் ஞாபகத்திலிருந்து சொல்லும் கணக்கு அவருக்கு அவ்வளவு உதவாது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரு கிழமை கடந்தும் இரத்தம் கசியக்கூடும் என்பதால், துணுக்காய் போன்ற தூர இடத்தவர்கள் அந்நாட்களில் வைத்தியசாலைக்குக் கிட்டவுள்ள உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

வாயைத் திறக்க முடியாமல் எச்சில் வடிந்தால் டொன்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள்.