கோடை விடுமுறையில் சட்டக் கல்லூரி நூலகம்: கதவு மூடிய பிறகும் தீர்ப்புகளைத் தேடி எடுப்பது எப்படி?

மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி), இன்டர்ன்ஷிப், அரியர், அகில இந்திய பார் தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்கு விடுமுறையில்தான் நூலகம் அதிகம் தேவைப்படும். அப்போதுதான் அது அரை நாள் திறந்திருக்கும், அல்லது பூட்டியிருக்கும். நாற்காலியும் மின்விசிறியும் வேறு இடத்தில் கிடைத்துவிடும். கல்லூரி நூலகத்தில் மட்டும் கிடைப்பது சந்தா கட்டிய தரவுத்தளங்களும் நூலகரின் உதவியும்தான். இரண்டையும் விடுமுறைக்கு முந்தைய வாரத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 1: வெளியிலிருந்து லாகின்

தீர்ப்புத் தரவுத்தளங்களான எஸ்.சி.சி. ஆன்லைனும் மனுபத்ராவும் கல்லூரிக் கணினியில் பாஸ்வேர்ட் கேட்காமல் திறக்கின்றனவா? அப்படியானால் உங்கள் கல்லூரி ஐ.பி. முகவரி (கல்லூரி இணைய இணைப்பின் எண்) வழியாக அனுமதி பெற்றிருக்கிறது. வீட்டுக்குப் போனால் அதே பக்கம் திறக்காது. நூலகரிடம் ‘வெளியிலிருந்து பார்க்க என்ன வழி?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தனி யூசர் பெயர் தருவார்கள், அல்லது காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற பொது லாகின் வசதி வழியாகப் போகச் சொல்வார்கள். இன்ஃபெட் என்றால் தரவுத்தளத்தின் முகப்பில் இருக்கும் சாதாரண லாகின் கட்டத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். நிறுவனம் வழியாக நுழையும் இணைப்பை அழுத்தி, பட்டியலில் உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த பிறகே பாஸ்வேர்ட் போடவேண்டும்.

கிடைத்த லாகினைக் கல்லூரி வைஃபையில் சோதித்தால் ஒன்றும் தெரியாது, அங்கே ஐ.பி.யே கதவைத் திறந்துவிடும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு தீர்ப்பை முழுதாகத் திறந்து பாருங்கள். சில சந்தாக்களில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு உண்டு. அதனால் வேலை முடிந்ததும் டேபை மட்டும் மூடாமல் லாக்அவுட் கொடுங்கள்.

படி 2: எதைத் தூக்கிக்கொண்டு போவது

விடுமுறைக் கடனில் பாடநூல் தருவார்கள். ரெஃபரன்ஸ் நூல்களும் தீர்ப்புத் தொகுதிகளும் பெரும்பாலும் வெளியே போகாது. ஆகவே நூலகக் கடன் அட்டையைப் பெரிய விளக்கவுரை நூல்களுக்கே செலவிடுங்கள். பேர் ஆக்டை, அதாவது சட்ட வாசகம் மட்டும் உள்ள நூலை, நூலகத்தில் எடுக்கவேண்டாம், சொந்தமாக வாங்குங்கள். பார் தேர்வுக் கூடத்துக்குள் குறிப்பும் விளக்கமும் இல்லாத பேர் ஆக்ட்தான் அனுமதி. நூலகப் பிரதியில் யாரோ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். பழைய வினாத்தாள்களைக் கட்டாக பைண்ட் செய்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள், எல்லா இடத்திலும் அது அலமாரியில் கண்ணில் படாது.

படி 3: சைட்டேஷனைப் படிக்கத் தெரிந்துகொள்வது

சைட்டேஷன் என்பது ஒரு தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் குறியீடு. பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நூலகத்தில் நின்றால் நூலகர் தொகுதியை எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் நீங்களே பிரித்துப் படிக்கவேண்டும்.

(1978) 1 எஸ்.சி.சி. 248 என்பது மேனகா காந்தி வழக்கு. எஸ்.சி.சி. என்றால் ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்ற தீர்ப்புத் தொகுப்பு. 1978-ஆம் ஆண்டின் முதல் தொகுதி, 248-ஆம் பக்கம் என்று பொருள். அதே தீர்ப்பு ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ என்ற இன்னொரு தொகுப்பில் ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 597 என்றும் இருக்கும். இங்கே நடுவில் உள்ள எஸ்.சி. உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கிறது, தொகுதி எண் கிடையாது, கடைசி எண் பக்கம்.

அடுத்து மண்டல் வழக்கு, அதாவது இந்திரா சஹானி: 1992 சப் (3) எஸ்.சி.சி. 217. அந்த ‘சப்’பை விட்டுவிட்டு 1992, 3, 217 என்று தேடுபெட்டியில் போட்டால் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போவீர்கள். சப்ளிமென்ட் என்பது தனி வரிசை. அச்சுப் புத்தகமாகத் தேடினாலும் வழக்கமான தொகுதிகளுக்கு நடுவில் அதைத் தேடாதீர்கள்.

2017 எஸ்.சி.சி. ஆன்லைன் எஸ்.சி. 996 போன்ற எண்ணைப் பார்த்துவிட்டு அலமாரியில் தேடுகிறவர்களும் உண்டு. 996 பக்க எண் அல்ல, தரவுத்தளத்தின் வரிசை எண். அச்சில் அதே தீர்ப்பு (2017) 10 எஸ்.சி.சி. 1, அதாவது தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன புட்டசாமி வழக்கு.

எஸ்.சி.சி. 1969-இல்தான் தொடங்கியது. அதனால் சென்னை மாகாண வகுப்புவாரி உத்தரவை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கைப் பழைய நூல்களில் ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226 அல்லது 1951 எஸ்.சி.ஆர். 525 (எஸ்.சி.ஆர். என்பது ‘சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்’) என்றே காண்பீர்கள். 2023 முதல் நியூட்ரல் சைட்டேஷனும் வந்துவிட்டது: ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., ஓர் எண். எந்தப் பதிப்பகத்தையும் சாராததால் எல்லாத் தளத்திலும் தேட இதுவே எளிது.

படி 4: எங்கே தேடுவது

இந்தியன் கானூனில் தேடுங்கள், இ-எஸ்.சி.ஆரில் படியுங்கள், எஸ்.சி.சி. ஆன்லைனில் சரிபாருங்கள். எங்கள் பரிந்துரை இந்த வரிசைதான். முதல் இரண்டும் இலவசத் தீர்ப்புத் தளங்கள்.

இந்தியன் கானூனில் ஒரு நுணுக்கம். இரண்டு சொற்களும் கட்டாயம் வரவேண்டும் என்றால் சாதாரண ‘ஆண்ட்’ போதாது, ஏ, என், டி, டி என்று டி-யை இரண்டு தடவை அடிக்கவேண்டும். ‘ஆர்’, ‘நாட்’ இரண்டுக்கும் இதே போலக் கடைசி எழுத்து இரட்டிக்கும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். கட்சிக்காரர் பெயரைத் தேடும்போது முழுப் பெயரும் வேண்டாம், அரிதான ஒரு சொல் போதும். நெருக்கடி நிலைக் காலத்து ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கை ‘சிவகாந்த் சுக்லா’ என்று தேடினால் வரும். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள், இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களைப் போட்டுப் பாருங்கள்.

இ-எஸ்.சி.ஆர். உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் திறந்த தளம். அதிகாரபூர்வ எஸ்.சி.ஆர். பக்கங்கள் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கும். பழைய பக்கங்களின் ஓரத்தில் ஏ முதல் எச் வரை எழுத்துகள் இருக்கும். பக்க எண்ணோடு அந்த எழுத்தையும் சேர்த்துக் குறித்தால் நீதிபதி ஒரு நொடியில் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. புரிந்துகொள்ள அதைப் படியுங்கள், மேற்கோளுக்கு ஆங்கில மூலத்துக்கே போங்கள்.

படி 5: பாரா எண்

ஒரு தளத்தில் பாரா 40 என்பது இன்னொன்றில் வேறாக இருக்கும். பழைய தீர்ப்புகளில் பாரா எண்ணைப் போட்டது பதிப்பகம்தான். புட்டசாமி போல ஒன்பது நீதிபதிகள் ஆறு தீர்ப்புரைகள் எழுதிய வழக்கில் ஒவ்வோர் உரையும் தன் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கும், எஸ்.சி.சி. முழுதுக்கும் தொடர் எண் போடும். இலவசத் தளங்கள் ஏன் எஸ்.சி.சி.யின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்றால், எஸ்.சி.சி.யின் பதிப்பகமான ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக், (2008) 1 எஸ்.சி.சி. 1-ஐப் படியுங்கள். தீர்ப்பின் மூல வாசகம் எல்லோருக்கும் பொது, பத்தி பிரித்து எண்ணிட்ட உழைப்பு பதிப்பகத்துடையது என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்ன வழக்கு அது.

மெமோரியலில் (மூட் கோர்ட்டுக்கு எழுதித் தரும் வாதவுரையில்) எந்தத் தொகுப்பின் சைட்டேஷனைக் கொடுக்கிறீர்களோ அதன் பாரா எண்ணையே கொடுங்கள். எஸ்.சி.சி. சைட்டேஷனும் இந்தியன் கானூன் பாரா எண்ணும் கலந்தால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். தீர்ப்புக்கு மேலே இருக்கும் சுருக்கமான ஹெட்நோட்டிலிருந்து வரியை எடுத்து நீதிமன்றம் சொன்னதாக எழுதாதீர்கள். அது தொகுப்பாசிரியர் எழுதியது.

படி 6: தீர்ப்பு இன்னும் உயிரோடிருக்கிறதா?

ஏ.டி.எம். ஜபல்பூர், (1976) 2 எஸ்.சி.சி. 521, தேடலில் முதலில் வந்து நிற்கும். 2017-இல் புட்டசாமி அதைத் தவறென்று ஒதுக்கிவிட்டது என்பதைப் பழைய பாடநூல் சொல்லாது. ஒரு தீர்ப்பைக் குறிப்பேட்டில் ஏற்றும் முன், பின்னாளில் அதை எடுத்தாண்ட வழக்குகளின் பட்டியலைத் திறந்து, கடைசி ஐந்து ஆண்டுகளையும் பெரிய அமர்வுகளையும் மட்டுமாவது பாருங்கள். நூலகம் திறந்திருக்கும் நாளில் நூலகர் செய்துகாட்டக் கேட்டுக்கொள்ளவேண்டிய வேலை இதுதான்.

பின்சேர்க்கை: பழைய பிரிவு, புதிய பிரிவு

வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால் இதைச் சேர்க்கிறோம். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. கொலைக்குத் தண்டனை என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஐத் தேடிப் பழகிய கை, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதையே தட்டும். அங்கே 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது, கொலைக்கான தண்டனை 103. இதைவிடக் குழப்பம் 482. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீன், உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. எனவே எண்ணை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். சட்டத்தின் பெயரையும் ‘முன்ஜாமீன்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் போடுங்கள், தேதியை 2024 ஜூலைக்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பழைய சட்டத்தைத் தூக்கிப் போடவும் முடியாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். புதிய வாசகம் வேண்டுமென்றால் இந்தியா கோட் தளத்தில் இலவசமாக இருக்கிறது.

இன்னொரு கேள்வி: கல்லூரி நூலகமே பூட்டியிருந்தால் எங்கே உட்கார்வது? சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பழைய சட்ட நூல் தேவையென்றால் எழும்பூர் கன்னிமாரா: 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் அது ஒன்று. மூன்றுக்கும் போகுமுன், தேவையான தீர்ப்புகளை பி.டி.எஃப். ஆக இறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கல்லூரியின் ஐ.பி. அனுமதி அங்கே செல்லாது.