கன்னத்துக்கு பிளஷ், ஹைலைட்டர்: நம்ம நிறத்துக்கும் நம்ம ஊர் வெயிலுக்கும்

திருநெல்வேலிப் பக்கம் மேக்கப் போடுகிற பெண்கள் பலர் ஃபவுண்டேஷன் போடுவார்கள், மை தீட்டுவார்கள், லிப்ஸ்டிக்கும் போடுவார்கள், கன்னத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரு தடவை கன்னத்துக்குச் சிவப்பு கொடுக்கிற பிளஷ் போட்டுப் போன இடத்தில் யாராவது "என்ன மைனி, கன்னம் செவந்து கெடக்கு, அடிகிடி பட்டுட்டா?" என்று கேட்டிருப்பார்கள், அதோடு அந்த டப்பா பீரோவுக்குள் போயிருக்கும். ஆனால் ஃபவுண்டேஷன் முகத்தில் இயல்பாக ஓடுகிற சிவப்பையும் சேர்த்து மூடிவிடுகிறது, அதைக் கன்னத்தில் திரும்பக் கொண்டுவராவிட்டால் முகம் தட்டையாக, களைத்துப்போனதாகத் தெரியும். அதனால் பிளஷ் வேண்டும். நிறம் அழுத்தமாக இருக்க வேண்டும், எடுக்கிற அளவு கொஞ்சமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம், வெளிறிய நிறத்தை வாங்கி, தெரியவில்லையே என்று அள்ளி அப்புகிறோம்.

முதலில் நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். பேபி பிங்க் மாதிரியான வெளிர் நிறங்களில் வெள்ளை நிறமி நிறையக் கலந்திருக்கும், மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. மாநிறத்துக்குப் பவள நிறம், செங்கல் நிறம், அழுத்தமான ரோஸ் எல்லாம் நன்றாக இருக்கும். இன்னும் கறுத்த நிறம் என்றால் நாவல்பழ நிறம், பீட்ரூட் நிறம், ஆரஞ்சு கலந்த சிவப்பு. டப்பாவில் பார்க்கும்போது பயமாகத்தான் இருக்கும், கன்னத்தில் மெல்லியதாக இழுத்துவிட்டால் அது வெயிலில் நடந்து வந்த முகத்தின் இயல்பான சிவப்பாக மாறிவிடும். கடையில் மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பார்க்காதீர்கள், அந்த இடம் முகத்தைவிட வெளுப்பு. புறங்கையில் தேய்த்து, அப்படியே கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டவுன் ரத வீதியிலோ வண்ணார்பேட்டையிலோ பேன்சி ஸ்டோரில் பெரும்பாலும் இதற்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்களும் நலங்கு முடிந்த கல்யாணப் பெண்ணும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கழுவினாலும் மஞ்சள் தோலில் லேசாகத் தங்கும், அதன்மேல் ரோஸ் போட்டால் ஆரஞ்சாகத் திரும்பிவிடும். நலங்குக்கு மறுநாள் மேக்கப் என்றால் பவளம், செங்கல் பக்கமே போங்கள்.

அப்புறம் வரிசை. நம் வீடுகளில் குளித்த கையோடு முகத்துக்கு டால்கம் பவுடர் போடுகிற பழக்கம் உண்டு, அதன்மேல் கிரீம் பிளஷ் போனால் பவுடர் எண்ணெயை உறிஞ்சித் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும், தேய்க்கத் தேய்க்க உருண்டு வரும். ஈரமானது, கிரீமானது எல்லாம் முதலில், பவுடரானது கடைசியில். சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், கிரீம் பிளஷ், அதற்குப் பிறகு காம்பாக்ட் பவுடர், அதற்கும் பிறகுதான் பவுடர் பிளஷ். எண்ணெய் வடிகிற முகத்துக்குப் பவுடர் பிளஷ் போதும். ஆடிக் காற்றில் கன்னம் காய்ந்து செதில் விடுகிறவர்களுக்குக் கிரீம்தான் ஒட்டும்.

போடுகிற இடத்தில்தான் நிறையப் பேருக்குத் தடுமாற்றம். "சிரிங்க, மேலே எழும்புற உருண்டையில போடுங்க" என்று சொல்லிக்கொடுப்பார்கள். சிரிப்பை நிறுத்தியதும் அந்த உருண்டை கீழே இறங்கும், பிளஷும் அதோடு இறங்கி வாய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், முகமே தொங்கினது போலத் தெரியும். சும்மா முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பிளஷுக்கான இடம் மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஆரம்பித்து, மூக்கின் அடிக்கு நேராக ஒரு கோடு இருப்பதாக நினைத்தால் அதற்குக் கீழே இறங்காமல், காதின் மேல்பக்கம் நோக்கி ஏறிப் போகிறது. பிரஷைப் பவுடரில் ஒரு தடவை தொட்டதும் கைப்பிடியை விரலால் தட்டுங்கள், அதிகமானது உதிரட்டும், பிறகு பிரஷை முதலில் வைக்கிற இடம் கன்ன எலும்பின் நடுவாக இருக்கட்டும், ஏனென்றால் முதல் தொடுகையில்தான் நிறம் அதிகம் இறங்கும். மூக்குப் பக்கத்துக்குப் பிரஷில் மிச்சம் இருப்பதை வைத்து லேசாகத் தொட்டால் போதும். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஓரம் தெரியாத வரைக்கும் சின்னச் சின்ன வட்டமாகத் துலக்க வேண்டும். கிரீம் என்றால் விரல் நுனியே போதும், தேய்க்காமல் தட்டித் தட்டி.

அவசரத்துக்கு லிப்ஸ்டிக்கைத் தொட்டு வைக்கலாம், தப்பில்லை, பளபளப்பில்லாமல் காய்கிற மேட் லிக்விட் லிப்ஸ்டிக் மட்டும் வேண்டாம், துலக்குவதற்குள் காய்ந்துவிடும். குங்குமத்தைத் தேய்க்கவே கூடாது, சிலருக்கு அதிலிருக்கும் சாயம் அலர்ஜியாகித் தடித்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விடியற்காலை முகூர்த்தம் என்றால் இரவு 2 மணிக்கே உட்கார்ந்து மேக்கப் நடக்கும், மண்டபத்து ரூமில் ஒரு டியூப் லைட். அந்த வெள்ளை வெளிச்சத்தில் சிவப்பு மங்கித் தெரியும், உடனே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிவிடுவார்கள். மணமேடையில் வீடியோ லைட் நிறத்தைக் கரைப்பதால் அங்கே தப்பித்துக்கொள்ளலாம், தாலி கட்டி முடித்து வெயிலில் கோயிலுக்குப் போகும்போதுதான் கன்னம் தனியாகத் தெரியும். மேடைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும், அது சரி, ஆனால் ஓரம் நன்றாகத் துலக்கியிருந்தால்தான் பகலிலும் தாங்கும். பகலில் போடுகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால் இரண்டு கன்னமும் இரண்டு அளவாகிவிடும்.

முகத்தின் மேடான இடங்களுக்கு மினுக்குக் கொடுக்கிற ஹைலைட்டருக்கும் இதே கதை. வெள்ளி மினுக்கு நம் தோலில் நரைத்துத் தெரியும், தங்க நிறம், செம்பு நிறம் எடுங்கள், வெளிர் தங்கமான ஷாம்பெயின் நிறம் மாநிறம் வரைக்கும் பொருந்தும். கண்ணுக்கு வெளிப்பக்கம் கன்ன எலும்பின் உச்சி, மூக்குத் தண்டில் ஒரு சின்னக் கோடு, மேலுதட்டு வளைவு, கண்ணின் உள்மூலை, இவ்வளவு இடம் போதும். மினுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பொருள், அதனால் பருவும் குழியும் பெரிய துவாரமும் இருக்கிற இடத்தில் வைத்தால் அதையெல்லாம் எடுத்துக் காட்டும். எண்ணெய் வடிகிற நெற்றிக்கு வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். மூக்குத்தியைச் சுற்றிச் சேர்கிற துகளை இயர்பட்ஸால் எடுத்துவிடுங்கள், போட்டோவில் அதுதான் முதலில் தெரியும். கைவேலைக்கு விற்கிற கிளிட்டரை முகத்தில் போடாதீர்கள், கண்ணுக்குள் போனால் கீறிவிடும்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் நிற்கிற நாள், ஹோமத்துக்கு முன்னால் உட்காருகிற நாள், இதற்கெல்லாம் கிரீம் பிளஷை மெல்லியதாகப் போட்டு அதன்மேல் அதே நிறப் பவுடரை லேசாகத் தொட்டுவையுங்கள், இரண்டும் சேர்ந்தால் நெடுநேரம் நிற்கும். வியர்த்தால் டிஷ்யூவை ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் பவுடர் போடுங்கள், வியர்வை மேலேயே போட்டால் சேறாகிவிடும்.

பிளஷ் அதிகமாகிவிட்டால் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம், கறையாகப் படியும். ஃபவுண்டேஷன் போட்ட ஸ்பாஞ்சில் மிச்சம் இருக்கும் இல்லையா, அதை மேலே வைத்து ஒற்றுங்கள், இரண்டு மூன்று ஒற்றலில் அடங்கிவிடும். பவுடர் பிளஷ் என்றால் ஒன்றும் தொடாத சுத்தமான பிரஷால் துலக்கினாலே பாதி போய்விடும்.