ஆள் வந்தால் எரியும் படிக்கட்டு விளக்கு: எச்.சி-எஸ்.ஆர்501 போர்டு, புரோகிராம் இல்லாமல்

எலக்ட்ரானிக்ஸ் கடையில் மோஷன் சென்சார் என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வைப்பது எச்.சி-எஸ்.ஆர்501 போர்டுதான். தீப்பெட்டியைவிடச் சிறிய பலகை, மேலே வெள்ளைக் குமிழ், பின்பக்கம் இரண்டு ஆரஞ்சுத் திருகுகள், ஓரத்தில் மூன்று பின்கள். வாங்கியதும் பலரும் ஆர்டுயினோவை (புரோகிராம் எழுதி இயக்கும் சின்னக் கணினிப் பலகை) தேடுகிறார்கள். விளக்கு எரிய வைக்க அது தேவையே இல்லை. போர்டில் இருக்கும் பி.ஐ.எஸ்.எஸ்0001 சிப், சிக்னலைப் பெருக்குவது, ஆள் அசைந்தாரா என்று தீர்மானிப்பது, எத்தனை நேரம் எரியவிட வேண்டும் என்று கணக்கு வைப்பது எல்லாவற்றையும் தானே செய்துவிடும். ஆள் அசைந்தால் அவுட் பின்னில் 3.3 வோல்ட் வரும், இல்லாவிட்டால் 0. அந்த 3.3 வோல்ட்டை வைத்து 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை எரிய வைப்பதுதான் இங்கே வேலை.

230 வோல்ட் பல்பை ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து எரிய வைப்பதும் முடியும். ஆனால் முதல் புராஜெக்டில் அது வேண்டாம். பிரட்போர்டும் (துளைகளில் வயரைச் செருகி இணைக்கும் பலகை) வீட்டு மின்சாரமும் ஒரே மேஜையில் இருக்கக் கூடாது.

இது எதைப் பார்க்கிறது?

குமிழுக்குள் ஒரு சின்ன உலோக மூடி, அதில் கறுப்பு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் அகச்சிவப்புக் கதிரை உணரும் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உடம்பின் சூடு ஒரு துண்டின் மீது விழுந்து அடுத்ததற்கு நகரும்போதுதான் சிக்னல் பிறக்கும். இரண்டின் மீதும் ஒரே அளவு விழுந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும். குமிழில் தெரியும் கட்டங்கள் ஒவ்வொன்றும் ஒரு லென்ஸ்; அறையைப் பல பட்டைகளாகப் பிரித்து, நாம் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சூடு துண்டுக்குத் துண்டு தாவும்படி அவை செய்கின்றன.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அசையாமல் உட்கார்ந்திருப்பவரை இந்த சென்சார் பார்க்காது. குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகப் பிடிக்கும். கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதனால் ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்து வாசலைப் பார்க்கலாம் என்பது நடக்காது. குமிழைக் கழற்றினால் கறுப்பு ஜன்னலில் விரல் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும்.

வேண்டியவை

எச்.சி-எஸ்.ஆர்501 போர்டு 1. 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் 1 மீட்டர், மீட்டருக்கு 4.8 வாட் வகை (0.4 ஆம்பியர்தான் இழுக்கும்), ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் 1 (சின்ன வோல்ட் கொடுத்தால் திறந்து பெரிய மின்சாரத்தை விடும் சுவிட்ச்), ரெசிஸ்டர் 220 ஓம் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று, 1என்4007 டயோடு 1, 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெபாசிட்டர் 1, பிரட்போர்டு, ஜம்பர் வயர், ஒரு மல்டிமீட்டர்.

மாஸ்ஃபெட் வாங்கும்போது எழுத்தைக் கூர்ந்து பாருங்கள். ஐஆர்எல் என்று தொடங்க வேண்டும், ஐஆர்எஃப் அல்ல. ஐஆர்எஃப்இசட்44என் பார்க்க அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும், கடைக்காரரும் "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். ஆனால் அது திறக்கத் தொடங்கவே 2 முதல் 4 வோல்ட் கேட்கும். நம்மிடம் இருப்பது 3.3. விளக்கு எரியாது, அல்லது மங்கலாக எரிந்து மாஸ்ஃபெட் சுடும். ஐஆர்எல் வகைக்கு 1 முதல் 2 வோல்ட்டிலேயே திறப்பு தொடங்கிவிடும்.

படி 1: போர்டை மட்டும் சோதியுங்கள்

மூன்று பின்களில் நடுவில் இருப்பது அவுட். ஓரத்துப் பின்களில் எது விசிசி (பிளஸ்), எது ஜிஎன்டி (மைனஸ்) என்பது போர்டுக்குப் போர்டு மாறலாம். இணையத்தில் கிடைக்கும் படத்தை நம்ப வேண்டாம். குமிழை மெல்லப் பிதுக்கிக் கழற்றினால் அடியில் அச்சடித்த பெயர்கள் தெரியும்.

அடாப்டரின் பிளஸ்ஸை விசிசியிலும் மைனஸை ஜிஎன்டியிலும் கொடுங்கள். போர்டில் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருப்பதால் 5 முதல் 20 வோல்ட் வரை தாங்கும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அவுட்டுக்கும் ஜிஎன்டிக்கும் இடையே பிடியுங்கள்.

இப்போது ஒரு நிமிடம் பேசாமல் காத்திருங்கள். சென்சார் அறைச் சூட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் ஆளே இல்லாமல் இரண்டு மூன்று தடவை 3.3 காட்டும். புதிதாகச் செய்பவர்கள் போர்டு பழுது என்று தூக்கிப் போடுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்துக்குள்தான்.

படி 2: திருகுகளும் ஜம்பரும்

ஒரு திருகு தூரத்துக்கு, சுமார் 3 முதல் 7 மீட்டர். இன்னொன்று நேரத்துக்கு, சுமார் 3 விநாடி முதல் 5 நிமிடம். இரண்டுமே கடிகார முள் திசையில் திருப்பினால் கூடும். எது எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் எதிர்த்திசையில் கடைசிவரை திருப்பிவிட்டு, ஒன்றை மட்டும் கால் சுற்று கூட்டுங்கள். 3.3 வோல்ட் நிற்கும் நேரம் நீண்டால் அதுதான் நேரத் திருகு. முட்டும் இடத்தில் மேலும் முறுக்கினால் உடைந்துவிடும்.

சோதனை முடியும்வரை நேரம் குறைந்தபட்சத்திலேயே இருக்கட்டும். 5 நிமிடத்தில் வைத்துவிட்டு "அணையவே மாட்டேன் என்கிறது" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

எல், எச் என்ற இரண்டு நிலைகள் உள்ள ஜம்பரை எச்-இல் வையுங்கள். எச்-இல் ஆள் அசைய அசைய நேரம் புதிதாக எண்ணப்படும். எல்-இல் வைத்தால் ஆள் படியில் இருக்கும்போதே நேரம் முடிந்து இருட்டாகும். சில போர்டுகளில் ஜம்பருக்குப் பதில் சால்டர் புள்ளிகள்தான் இருக்கும்.

அவுட் 0-க்கு இறங்கியபின் சுமார் 2.5 விநாடி போர்டு எதையும் கவனிக்காது. அந்த இடைவெளியில் கையை ஆட்டிப் பயனில்லை.

படி 3: இணைப்பு

மாஸ்ஃபெட்டின் எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக கேட் (சிக்னல் வாங்கும் கால்), டிரெயின், சோர்ஸ்.

அடாப்டர் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் ஸ்ட்ரிப்பின் பிளஸ்ஸுக்கு. அதே பிளஸ்ஸிலிருந்து 1என்4007 டயோடு வழியாக சென்சாரின் விசிசிக்கு. டயோடின் வெள்ளிக் கோடு சென்சார் பக்கம் இருக்க வேண்டும். விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் இடையே, போர்டை ஒட்டி, 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அதன் மைனஸ் பட்டை ஜிஎன்டி பக்கம்.

ஸ்ட்ரிப்பின் மைனஸ் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு. சோர்ஸ், சென்சார் ஜிஎன்டி, அடாப்டர் மைனஸ் மூன்றும் ஒன்றாகச் சேர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் எதுவும் வேலை செய்யாது.

அவுட்டிலிருந்து 220 ஓம் வழியாக கேட்டுக்கு. கேட்டுக்கும் மைனஸுக்கும் இடையே 100 கிலோ ஓம். சென்சார் வயர் கழன்றுபோனால் கேட் அந்தரத்தில் நிற்காமல் விளக்கை அணைத்து வைப்பது இந்த ரெசிஸ்டர்தான். மதிப்பை ரொம்பக் குறைத்தால் கேட்டுக்குப் போகும் 3.3 வோல்ட்டில் அது பங்கு கேட்கும்.

ஸ்ட்ரிப்பை வெட்டுவதானால் கத்தரிக்கோல் குறியுள்ள இடத்தில் மட்டும் வெட்டுங்கள். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்இடியாகத்தான் தொடர் இருக்கும்.

ஆளே இல்லாமல் எரிந்து அணைந்து எரிகிறதா?

இந்தப் போர்டைப் பற்றிய புகார்களில் இதுதான் முதலிடம். விளக்கு அணைந்த மூன்று விநாடியில் காலி அறையில் மறுபடி எரிந்தால், குற்றம் பெரும்பாலும் சென்சாரில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. ஸ்ட்ரிப் எரியும்போது அடாப்டரின் வோல்ட் சற்று இறங்கும், அணையும்போது துள்ளும். சென்சார் பெருக்கிப் பார்க்கும் சிக்னல் மிகச் சிறியது என்பதால் அந்தத் துள்ளலே ஆள் மாதிரி தெரிகிறது. டயோடும் கெபாசிட்டரும் இதற்காகத்தான்: ஸ்ட்ரிப் வோல்ட்டை இழுத்தாலும் டயோடுக்குப் பின்னால் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் திரும்பிப் போக முடியாது. போர்டு சும்மா இருக்கும்போது 65 மைக்ரோஆம்பியருக்குள்தான் எடுக்கும், அதனால் அந்தக் கெபாசிட்டரே தாராளம். 5 வோல்ட் அடாப்டரில் செய்வதானால் மட்டும் இந்த டயோடை விட்டுவிடுங்கள். போர்டிலேயே ஒரு டயோடு உண்டு, இரண்டிலும் இழந்தால் ரெகுலேட்டருக்கு மிஞ்சுவது போதாது.

உறுதிசெய்ய ஸ்ட்ரிப்பைக் கழற்றிவிட்டு அவுட்டை மல்டிமீட்டரில் மட்டும் பாருங்கள். தொல்லை நின்றால் காரணம் மின்சாரம். நிற்காவிட்டால் சுற்றுப்புறத்தைத் தேடுங்கள்: ஏசி காற்று நேராகப் படுவது, குமிழ் மீது வெயில் விழுவது, வெயிலில் ஆடும் திரைச்சீலை, குமிழ் மீதே ஊரும் பூச்சி. வைஃபை உள்ள இஎஸ்பி8266 போர்டை இதன் முதுகில் ஒட்டி வைத்தாலும் இப்படி ஆகும். ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

எங்கே மாட்டுவது

படிக்கட்டின் பக்கச் சுவரில், ஏறுபவர் குறுக்கே கடக்கும்படி. படிக்கு நேர் எதிரே மாட்டினால் மூன்றாவது படியில்தான் விளக்கு எரியும். படிக்கட்டுக்கு 3 மீட்டரே தாராளம், தூரத் திருகைக் குறைத்தே வையுங்கள். தெருவில் போகிறவருக்கெல்லாம் எரிந்தால் குமிழ் நுழையும் அளவு பிவிசி குழாய்த் துண்டை முகமூடி போல மாட்டுங்கள், பார்வை குறுகிவிடும். மழைக்குப் பயந்து கண்ணாடியோ அக்ரிலிக்கோ மூடினால் சென்சார் குருடாகிவிடும். பெட்டியில் ஓட்டை போட்டுக் குமிழை வெளியே நீட்டுவதுதான் வழி.

பகலில் எரிய வேண்டாம் என்றால், போர்டில் எல்டிஆருக்கென்றே (வெளிச்சத்தை உணரும் ரெசிஸ்டர்) இரண்டு காலித் துளைகள் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் ஆர்எல் என்ற குறியோடு. அதில் ஒரு சாதாரண எல்டிஆரைச் சால்டர் செய்தால் போதும். ஸ்ட்ரிப்பின் வெளிச்சம் அதன் மேல் விழாதபடி திருப்பி வையுங்கள், இல்லையென்றால் தன் விளக்கையே பகல் என்று எடுத்துக்கொள்ளும்.

பின்னால் ஆர்டுயினோ ஊனோவோடு சேர்க்க விரும்பினால் அவுட்டை நேராக டிஜிட்டல் பின்னில் கொடுக்கலாம், 3.3 வோல்ட்டை அது ஹை என்றே படிக்கும். நேரத் திருகைக் குறைந்தபட்சத்தில் விட்டு, எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதைப் புரோகிராமில் எண்ணுங்கள். ஆரம்பத்தில் 60 விநாடி காத்திருக்கும் வரியை மறக்க வேண்டாம்.

சித்திரை வெயிலில் 7 மீட்டர் 4 ஆகக் குறைந்தால் திருகைக் குறை சொல்ல வேண்டாம். சுவரும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும்போது சென்சாருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. தூரத் திருகைக் கோடையில் சற்றுக் கூட்டி, மழைக்காலத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.