கிரிஸ்வோல்ட் வாணலி அசலா, மறுவார்ப்பா என்று கண்டறிவது எப்படி?

அமெரிக்காவின் பழம்பொருள் கடைகளில் வார்ப்பிரும்பு வாணலி தேடுபவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத்தான் பார்ப்பார்கள். இரட்டை வட்டத்துக்குள் ஒரு சிலுவை, அதன் குறுக்கே ‘கிரிஸ்வோல்ட்’ என்ற பெயர், கீழே ‘ஈரி’ என்ற ஊர்ப்பெயர் ஆகியவை தெரிந்துவிட்டால் உடனே விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865இல் தொடங்கி 1957இல் மூடப்பட்ட அந்த ஆலையின் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் போலி செய்வதற்கு மிக எளிதான பகுதியே அந்த முத்திரைதான். ஆகையால் சோதனையை அளவுகோலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுவார்ப்பு செய்பவர் அசல் வாணலி ஒன்றையே மாதிரியாக மணலில் பதித்து, அந்தக் குழிவில் உருகிய இரும்பை ஊற்றுகிறார். எழுத்துகள் உட்பட எல்லாமே அதில் வந்துவிடும். ஆனால் இரும்பு உறைந்து ஆறும்போது நீளத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. அசல் ஆலை இதைக் கணக்கிட்டுத் தன் மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்திருக்கும். வாணலியையே மாதிரியாக வைத்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 8ஆம் எண் வாணலியின் மேல்விட்டம் ஏறத்தாழ பத்தரை அங்குலம், அதாவது 267 மில்லிமீட்டர் என்று கொண்டால், அதன் மறுவார்ப்பு 264 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். ஆகவே அடிப்பாகத்தில் உள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு (பெரிய முத்திரை கொண்ட 8ஆம் எண் வாணலிக்கு அது 704), ஐயத்துக்கு இடமில்லாத அசல் ஒன்றின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். மேல்விட்டம், அடிவிட்டம், கைப்பிடியின் நீளம், முத்திரை வட்டத்தின் அகலம் ஆகிய நான்கும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால் அந்த வாணலியை வாங்க வேண்டாம். ஒன்று மட்டும் சற்று மாறினால், ஆலையிலேயே மாதிரிக்கு மாதிரி இருந்த வேறுபாடாக அது இருக்கலாம்.

குழந்தைகளின் விளையாட்டுக்கான 0 எண் குட்டி வாணலியில் இந்தச் சுருக்கம் ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால், அங்கே விரலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்தான் துணை. அசலின் உட்புறம் ஆலையிலேயே சாணைபிடித்து மெருகேற்றப்பட்டது. விரல் நுனி தடையின்றி வழுக்கிச் செல்லும். மறுவார்ப்பில் மணலின் சொரசொரப்பு எங்கும் ஒரே சீராக, புடைத்து நிற்கும். துரு அரித்த அசலும் சொரசொரப்பாக இருக்கக்கூடும். ஆனால் அரிப்பு என்பது ஒழுங்கற்ற பள்ளங்கள், புடைப்பு அன்று. இந்த வேறுபாட்டை விரலுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது. அடுத்து முத்திரையின் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் அவற்றின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுவார்ப்பில் உருகிய மெழுகுபோல மழுங்கியிருக்கும். விளிம்பிலும் கைப்பிடித் துளையிலும் முரட்டுச் சாணையின் கீறல்கள் பளபளத்து, அவற்றின்மேல் செம்மஞ்சள் நிறப் புதுத்துரு படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். எடையும் பேசும்: மறுவார்ப்பின் சுவர் பெரும்பாலும் தடித்திருக்கும்.

போலியே அல்லாத ஒரு பொருளும் பலரை ஏமாற்றுகிறது. ‘வாக்னர்ஸ் 1891 ஒரிஜினல்’ என்று அடியில் பொறித்த வாணலியை நூறாண்டுப் பழமை உடையதென்று சிலர் விற்கிறார்கள். 1891 என்பது ஓஹையோவின் சிட்னி நகரில் வாக்னர் நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு. வாணலியோ நூற்றாண்டு நினைவாக 1991இல் வெளிவந்தது.

மறுதிசையிலும் தவறு நேரலாம். ஓஹையோவின் வாப்பக்கோனெட்டா நகரில் இருந்த வாப்பக் ஆலையின் சில வாணலிகளில், அந்த ஆலையின் முத்திரைக்குப் பின்னால் ‘ஈரி’ என்ற சொல் மங்கலாகத் தெரியும். ஈரி வாணலிகளை மாதிரியாக வைத்து அக்காலத்திலேயே வார்த்ததன் தடம் அது. சேகரிப்பவர்கள் இவற்றைப் பழம்பொருளாகவே மதிக்கிறார்கள். எழுத்து மங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இணையத்தில் வாங்கும்போது, விளிம்புக்குக் குறுக்கே அளவுகோலை வைத்து எடுத்த படம், உட்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம், எடை ஆகிய மூன்றையும் பணம் செலுத்துவதற்கு முன்பே விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள்.