பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்: சான்றிதழ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவரிலிருந்து ஏற்காட்டில் ரூம் வாடகைக்கு விடும் எஸ்டேட்காரர் வரை இப்போது எல்லோருக்கும் ஒரு வெப்சைட் இருக்கிறது, அதற்கு ஒரு சர்வர், அந்த சர்வருக்கு ஒரு சான்றிதழ், அதாவது இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி. இதையெல்லாம் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் காலேஜ் முடித்து ஓரிரு வருடம் ஆன பிள்ளைகள்தான். டெர்மினலில் கை நன்றாக ஓடுகிறது, ஆர்வமும் இருக்கிறது. ஆனால் சாவி (சர்வர் ரகசியமாக வைத்திருக்க வேண்டிய பிரைவேட் கீ), சான்றிதழ் என்று வந்ததும் எங்கள் செட் ஒரு காலத்தில் பண்ணிய அதே தவறுகளை வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சான்றிதழ் காலாவதி ஆவதை மறக்காதே, பாஸ்வேர்டை சின்னதாக வைக்காதே போன்றவை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரைவேட் கீ ஊர் சுற்றுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா, கோடை விழா நெருங்கும் நேரம், புக்கிங் குவிகிறது. சான்றிதழ் முடியப்போகிறது என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி புதிதாக வாங்கக் கிளம்பினான். சாவி உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் கருவியின் கட்டளை ஞாபகம் வராததால் "சிஎஸ்ஆர் உருவாக்கித் தருகிறோம்" என்று சொல்லும் ஏதோ ஒரு தளத்தில் விவரங்களை நிரப்பினான். அது சிஎஸ்ஆரையும் (சான்றிதழ் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்ப ஃபைல்) பிரைவேட் கீயையும் சேர்த்து மெயிலில் அனுப்பிவிட்டது. அவன் இரண்டையும் எடுத்து, "அண்ணா, சிஎஸ்ஆர், கீ ரெண்டும் குரூப்புல போட்டுட்டேங்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அந்தக் குரூப்பில் ஓனர் இருக்கிறார், பெங்களூரில் இருக்கும் அவர் மகன் இருக்கிறார், போட்டோ எடுத்தவர், புக்கிங் ஏஜென்ட், வேலையை விட்டுப் போய்விட்ட பழைய டிசைனர், எல்லோரும் இருக்கிறார்கள்.

நான் சத்தம் போட்டதும் "டெலீட் பண்ணிட்டேங்க" என்றான். எதை டெலீட் பண்ணினான்? குரூப்பில் இருந்த மெசேஜை. அதற்குள் யார் யார் போனில் அந்த ஃபைல் இறங்கியது, எந்த பேக்கப்பில் போய் உட்கார்ந்தது, எந்த போன் அடுத்த மாதம் சர்வீஸ் கடைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த சாவியை உருவாக்கிக் கொடுத்த தளத்தில் இன்னொரு பிரதி இருக்கிறதா என்பதும் தெரியாது. ஒரு முறை வெளியே போன பிரைவேட் கீயைத் திரும்பப் பெற வழியே இல்லை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும், அவ்வளவுதான்.

இது ஏதோ எங்கள் ஊர்ப் பையன் மட்டும் செய்தது என்று நினைக்காதீர்கள். 2018-ல் ட்ரஸ்டிகோ என்ற சான்றிதழ் விற்பனை நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் சுமார் 23,000 பிரைவேட் கீகளை மெயிலில் சான்றிதழ் வழங்கும் நிறுவனமான டிஜிசர்ட்டுக்கு அனுப்பியது. தங்கள் தளத்திலேயே சாவி உருவாக்கிக் கொடுக்கும் வசதி வைத்து, அவற்றை எடுத்தும் வைத்திருந்ததால்தான் அனுப்ப முடிந்தது. சாவி வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும் என்பது விதி, டிஜிசர்ட்டும் அத்தனையையும் ரத்து செய்தது. தூங்கி எழுந்து பார்த்த சர்வர்காரர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். தம்பி அடுத்து செய்தது இன்னும் மோசம். சான்றிதழை ரீ-இஷ்யூ செய்தான், ஆனால் அதே பழைய சிஎஸ்ஆரைக் கொடுத்து. சிஎஸ்ஆருக்குள் இருப்பது அந்த பிரைவேட் கீயின் ஜோடியான பப்ளிக் கீ. அதே சிஎஸ்ஆர் என்றால் அதே சாவி. தேதியும் வரிசை எண்ணும் மாறிய புதிய சான்றிதழ் கையில் இருக்கிறது, குரூப்பில் இருப்பவர்களிடம் அதைத் திறக்கும் சாவியும் இருக்கிறது. இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், "புதுசு வாங்கியாச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள்.

அது போதாதென்று அது எல்லா சப்-டொமைனுக்கும் செல்லும் வைல்ட்கார்டு சான்றிதழ். மெயில் சர்வரிலும் அதே சாவி, புக்கிங் மென்பொருள்காரரிடமும் அதே சாவி. விஷயம் தெரிந்ததும் பதற்றத்தில் அவன் முதலில் பழையதை ரத்து செய்துவிட்டான், புக்கிங் மென்பொருள்காரரோ விடுமுறையில். வார இறுதி முழுக்க ஃபயர்பாக்ஸில் வந்தவர்களுக்கு புக்கிங் பக்கத்தில் எச்சரிக்கைதான் தெரிந்தது, ரூம் காலியாகக் கிடந்தது.

வரிசை இதுதான்: முதலில் புதிய சாவி, அதிலிருந்து புதிய சிஎஸ்ஆர், அதற்குப் புதிய சான்றிதழ், அதை எல்லா இடத்திலும் போட்டு வெளியிலிருந்து சோதிப்பது, அதற்கு அப்புறம்தான் பழையதை ரத்து செய்வது, ரத்துக்குக் காரணம் கேட்கும் இடத்தில் சாவி வெளியானது என்று உண்மையைச் சொல்வது. இத்தனையும் ஒரே நாளில் முடிய வேண்டும். சில நிறுவனங்கள் ரீ-இஷ்யூ செய்ததும் பழையதைத் தாங்களே ரத்து செய்துவிடும், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்து செய்துவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். ஒரு சான்றிதழ் ரத்தானதா என்று எல்லா பிரவுசரும் ஒரே அக்கறையோடு பார்ப்பதில்லை. குரோம், பொதுவாக ஒவ்வொரு சான்றிதழுக்கும் நேரடியாகக் கேட்பதை 2012 வாக்கிலேயே நிறுத்திவிட்டு, தானே தொகுத்த ஒரு சின்னப் பட்டியலை நம்புகிறது. கட்டளை வரியிலிருந்து இணையப் பக்கங்களை எடுக்கும் கர்ல் போன்ற கருவிகள் பெரும்பாலும் நீங்கள் சொல்லாமல் பார்க்காது. ஆக வெளியே போன சாவி சான்றிதழின் கடைசித் தேதி வரைக்கும் எங்கோ ஓரிடத்தில் செல்லுபடியாகிக்கொண்டேதான் இருக்கும். சான்றிதழின் ஆயுளை உலகம் முழுக்கக் குறைத்துக்கொண்டே வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. சாவி எந்த சர்வரில் இருக்கப்போகிறதோ அங்கேயே லாகின் செய்து, புது ஃபைலை மற்றவர்கள் படிக்க முடியாதபடி யூமாஸ்க்கை 077 என்று வைத்துவிட்டு, சாவியையும் சிஎஸ்ஆரையும் அங்கேயே உருவாக்குங்கள். வெளியே போக வேண்டியது சிஎஸ்ஆர் மட்டும்தான். சான்றிதழ் கொடுப்பவருக்கு உங்கள் பிரைவேட் கீ எந்தக் கட்டத்திலும் தேவைப்படாது, கேட்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ தப்பு. எந்த ஃபைலை அனுப்பும் முன்பும் அதன் முதல் வரியைப் பாருங்கள். "பிகின் சர்ட்டிஃபிகேட் ரிக்வெஸ்ட்" என்று இருந்தால் அனுப்பலாம். "பிரைவேட் கீ" என்ற சொற்கள் அந்த வரியில் எங்கே இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் (Git) போட்டுவிட்டு அடுத்த கமிட்டில் நீக்கினாலும் வரலாற்றில் அது அப்படியே இருக்கும், அதுவும் வெளியே போன சாவிதான்.

வைல்ட்கார்டு வேண்டுமா என்றும் ஒரு முறை யோசியுங்கள். இலவசமாகவே கிடைக்கும்போது மெயிலுக்கு ஒன்று, வெப்சைட்டுக்கு ஒன்று என்று தனித்தனிச் சாவியோடு வாங்கிவிட்டால் ஒன்று போனாலும் மற்றது தப்பிக்கும்.

"என் பிரவுசர்ல வருதே"

உங்கள் சான்றிதழை பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு சங்கிலியாக இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை சர்வரில் வைக்க மறந்தால் குரோமில் பெரும்பாலும் பக்கம் திறந்துவிடும், ஏனென்றால் விடுபட்டதை அதுவே தேடிக்கொண்டு வரும். ஃபயர்பாக்ஸ் பல இடைநிலைச் சான்றிதழ்களை முன்பே இறக்கி வைத்திருக்கும். ஆனால் கர்ல், ஜாவா, பைத்தான் எல்லாம் முறைத்துக்கொண்டு நிற்கும். பேமென்ட் கேட்வேயிலிருந்து பதில் வரவில்லை என்று சாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க்கில் இருக்கும் ஒரு பெண் இரண்டு நாள் புரோகிராம் கோடைத் தோண்டிக்கொண்டிருந்தாள், கோடில் ஒன்றுமே இல்லை. என்ஜினெக்ஸ் என்ற வெப் சர்வரில், இடைநிலையும் சேர்ந்த ஃபுல்செயின் ஃபைலுக்குப் பதிலாக தளத்தின் சான்றிதழ் மட்டும் உள்ள செர்ட் ஃபைலைக் காட்டியிருந்தார்கள். ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் கட்டளையை ஷோசெர்ட்ஸ் சேர்த்து ஓட்டுங்கள், சர்வர்நேம் கொடுப்பதையும் மறக்காதீர்கள். கடைசியில் வெரிஃபை எண் பூஜ்யம் என்று வர வேண்டும். 20, 21 என்று வந்தால் முதலில் இந்தச் சங்கிலியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பிழையை மறைக்க சரிபார்ப்பையே அணைப்பது

சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் ஹைஃபன் கே-யை கர்லில் போட்டுத் தற்காலிகமாக ஓட்டுவோம் என்பார்கள். அது புரொடக்ஷன் வரைக்கும் போய்விடும். வேண்டாம்.

புதுப்பித்தாயிற்று, சர்வருக்குத்தான் தெரியாது

சான்றிதழைத் தானாகப் புதுப்பிக்கும் சர்ட்பாட் டிஸ்க்கில் ஃபைலை மாற்றிவிடும். என்ஜினெக்ஸ் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிய பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும், யாராவது ரீலோட் சொல்லும் வரை. புதுப்பித்ததும் ரீலோட் கட்டளையை ஓட்டச் சொல்லும் டிப்ளாய் ஹூக் என்ற ஒரு வரி இதற்காகத்தான் இருக்கிறது. சோதிக்கும்போதும் ஃபைலின் தேதியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், போர்ட் 443-ல் சர்வர் உண்மையில் எதைக் கொடுக்கிறது என்று வெளியிலிருந்து பாருங்கள்.

இனி இது அடிக்கடி கடிக்கும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை கையால் மாற்றிக்கொள்ளலாம் என்ற பழக்கம் இதோடு முடிந்தது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது, அதை நம்பி இருப்பவர்கள் உடனே சொந்தமாகக் கண்காணிப்பு வையுங்கள்.

மாடுலஸ் ஒப்பிடுவது

சாவியும் சான்றிதழும் ஜோடியா என்று பார்க்க மாடுலஸை (சாவிக்குள் இருக்கும் ஒரு பெரிய எண்) எடுத்து ஒப்பிடச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். அது ஆர்எஸ்ஏ என்ற வகைச் சாவிக்கு மட்டும்தான். சர்ட்பாட் 2.0 முதல் ஈசிடிஎஸ்ஏ என்ற வேறு வகைச் சாவியைத்தான் இயல்பாக உருவாக்குகிறது, அதில் மாடுலஸ் என்ற ஒன்றே கிடையாது. இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை வெளியே எடுத்து அதை ஒப்பிடுங்கள், எந்த வகைச் சாவிக்கும் சரியாக வரும்.

காமன் நேமில் மட்டும் டொமைன் பெயர்

காமன் நேம் என்பது சான்றிதழில் பெயர் எழுதும் பழைய இடம், அதில் மட்டும் எழுதினால் 2017-ல் குரோம் 58 வந்ததிலிருந்து செல்லாது. சான்றிதழ் செல்லும் பெயர்களைப் பட்டியலிடும் சான் (SAN) பகுதியில் எழுதுங்கள்.

பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே அடிப்பது

ஹிஸ்டரியில் தங்கும், ஓடும் வேலைகளைக் காட்டும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் அதே சர்வரில் இருக்கும் மற்றவர்களுக்கும் தெரியும்.

எஸ்எஸ்ஹெச் எச்சரிக்கை வந்ததும் நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலையே அழிப்பது

எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வரில் லாகின் செய்யும்போது அந்த சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீ உங்கள் கணினியின் நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பதிவாகும். சர்வரைப் புதிதாக நிறுவினால் ஹோஸ்ட் கீ மாறும், எச்சரிக்கை வரும், அது சரிதான். ஆனால் அதற்காக மொத்த ஃபைலையும் அழித்தால் நீங்கள் இதுவரை சரிபார்த்த எல்லா சர்வர்களின் அடையாளமும் சேர்ந்து போய்விடும், அடுத்த முறை எதற்கும் யெஸ் என்றுதான் அடிப்பீர்கள். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையில் ஹைஃபன் பெரிய ஆர் போட்டு அந்த ஒரு சர்வரின் பெயரை மட்டும் நீக்குங்கள். பிறகு ஹோஸ்டிங்காரரின் கன்சோல் வழியாக உள்ளே போய் எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஹைஃபன் எல்எஃப் மூலம் ஹோஸ்ட் கீயின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறி) எடுத்து, லாகின் செய்யும்போது திரையில் வருவதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு யெஸ் அடியுங்கள். சர்வரை யாரும் மாற்றவே இல்லை, இருந்தும் எச்சரிக்கை வருகிறது என்றால் பாஸ்வேர்டை அடிக்காமல் அங்கேயே நிறுத்திவிட்டு ஹோஸ்டிங்காரருக்கு போன் போடுங்கள்.