பழைய நூல் சேலையில் குயில்ட்: பின்பக்கம் சுருங்காமல் தைக்கும் முறை

போன ஐப்பசியில் தங்கச்சிக்குப் பிரசவம். பிறந்த பிள்ளையைப் புதுத் துணியில் கிடத்துவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன நூல் சேலைதான் விரிப்பு. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஏழெட்டுச் சேலை இருந்தது, பாதிக்கு மேல் வீரவநல்லூர்த் தறியில் நெய்தவை. அவற்றை வெட்டி ஒட்டி ஒரு குயில்ட், அதாவது மூன்று அடுக்கு ஒட்டுத்துணி விரிப்பு, தைத்தேன். மேல்பக்கம் அவ்வளவு அழகாக வந்தது. திருப்பிப் பார்த்தால், தையலும் தையலும் குறுக்கிடும் இடமெல்லாம் அடித்துணி நகத்தளவு மடிந்து மாட்டியிருந்தது.

பிரித்துத் தைத்து, மறுபடியும் பிரித்து, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. மூன்று அடுக்கையும் நகராமல் கட்டிப்போடுகிற அந்த ஒரு வேலையைத்தான் விரிவாக எழுதப் போகிறேன், மற்றதெல்லாம் சுருக்கமாக. மெஷினில் நூல் கோப்பது, பாபின் சுற்றுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் ஒரு பழைய பெட்ஷீட், அடியில் ஒரு சேலைத் துண்டு.

நடு அடுக்குக்கு இலவம்பஞ்சு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். பஞ்சைத் தளர்வாகப் பரப்பித் தைத்தால் முதல் துவைப்பிலேயே ஒரு மூலையில் உருண்டு கட்டியாகிவிடும். பாலியஸ்டர் ஷீட்டும் நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்த்துப்போகும். நூல் பெட்ஷீட் ஒற்றையாகப் போட்டாலே போதும்.

சேலையைத் தேர்ந்தெடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் இழை விலகுகிற இடத்தை ஒதுக்கிவிடுங்கள். முந்தானையும் கொசுவம் வைத்த பகுதியும் சீக்கிரம் நைந்திருக்கும். உள்கட்டுப் பகுதி பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

கடையில் வாங்கிய வெட்டுத்துணி, புதியம்புத்தூர்ப் பக்கம் கிடைக்கிற ரெடிமேட் துண்டுகள் இதையெல்லாம் கலப்பதாக இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி மணி மாதிரிக் கட்டினால் சின்தடிக். புதுத்துணியை இரண்டு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் அது மட்டும் பின்னால் சுருங்கிப் பக்கத்துக் கட்டத்தை இழுக்கும்.

சிவப்பு, அரக்குத் துணிகளை ஈரமாக்கி வெள்ளைத் துணிமேல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைச் சேர்க்க வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று சொல்வார்கள். நான் ஊறவைத்த அரக்கு, பக்கத்துச் சந்தனக் கட்டத்தை ரோஸாக்கிவிட்டது.

கஞ்சி போடுவது

பழைய சேலை கையில் நிற்காது. வெட்டும்போதே சாய்ந்து ஓடும், நாம் சதுரம் என்று நினைத்து வெட்டியது சாய்சதுரமாக இருக்கும். அதற்குச் சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு வடிகட்டி, சேலையை முக்கிப் பிழிந்து, முக்கால்வாசி காய்ந்ததும் அயர்ன் பண்ணுங்கள். துணி காகிதம் மாதிரி விறைப்பாகும். டப்பாவில் வருகிற ஸ்பிரேயை விட இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், பூச்சி வந்துவிடும்.

வெட்டுவதும் கால் இன்ச் தையலும்

பிள்ளைக்கான அளவு: 5 இன்ச் சதுரம், அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9, மொத்தம் 63. இரண்டு பக்கமும் கால் இன்ச் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் நாலரை இன்ச்சாக நிற்கும். எல்லாம் சேர்ந்து 32க்கு 41 இன்ச் வரும்.

காலண்டர் அட்டையில் அச்சு வெட்டாதீர்கள். சாக் தேய்த்துத் தேய்த்து ஓரம் மழுங்கி, அறுபதாவது சதுரம் முதல் சதுரத்தோடு பொருந்தாது. பழைய எக்ஸ்ரே ஷீட் அருமையான அச்சு. ஓரம் தேயாது, துணியின் பூவும் கட்டமும் அதன் வழியாகத் தெரியும். ரோட்டரி கட்டர் இருந்தால் நல்லது, நல்ல கத்தரிக்கோல் இருந்தால் அதுவே போதும்.

தையலுக்கு விடுகிற கால் இன்ச்சில் கவனம் வேண்டும். மெஷின் பாதத்தின் ஓரம்தான் கால் இன்ச் என்று நம்பாதீர்கள், ஒவ்வொரு மெஷினுக்கும் அது மாறும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, ஒட்டித் தைத்து அயர்ன் பண்ணுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போகிறது, கூடினால் வெளியே போகிறது. சரியான இடம் தெரிந்ததும் ஊசிக்குக் கீழே உள்ள தகட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள், துணியின் ஓரம் அதை ஒட்டியே போகட்டும். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், பிசகினாலும் ஏழு கட்டம் சேரும்போது முக்கால் இன்ச் வரை போய்விடும், அந்த வரிசை அடுத்த வரிசையோடு சேராது.

வரிசை வரிசையாகத் தைத்து, முதல் வரிசையின் தையல் மடிப்பை வலப்பக்கமும் அடுத்ததை இடப்பக்கமும் மடித்து அயர்ன் பண்ணுங்கள். இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்தது தெரியும். அயர்ன் பெட்டியைத் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் துணி நீளும்.

மூன்று அடுக்கையும் கட்டிப்போடுவது

எனக்கு இரண்டு தடவை தோற்றுப்போனது இந்த இடத்தில்தான்.

முதலில் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். டென்ஷனைத் திருகினேன், பாபின் கேஸை மாற்றினேன், மெக்கானிக்கை வரவழைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சுருக்கம் போகவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சிதான் சொன்னாள்: “மெஷினை ஏன் வைதுக்கிட்டு இருக்க? துணி ஓடுதுன்னா நீ கட்டிப்போடலன்னு அர்த்தம். பிரிச்சுட்டுத் தரையில விரி ஏட்டி.”

நடப்பது இதுதான். மெஷினின் பல் அடித்துணியை முன்னே தள்ளுகிறது. மேலே பாதம் மேல்துணியை அழுத்திப் பின்னுக்குப் பிடிக்கிறது. மூன்று அடுக்கும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. நெடுக்குக் கோடு தைக்கும்போது சேர்கிற தொய்வு வெளியே தெரியாது. குறுக்குக் கோடு தைக்க வரும்போது அந்தத் தொய்வு முன்னே தள்ளிக்கொண்டே போய், ஏற்கெனவே தைத்த நெடுக்குக் கோட்டில் முட்டி நிற்கும். அங்கே மடிந்துவிடும்.

இப்போது நான் செய்கிற முறை:

அடித்துணி சுற்றிலும் ஒன்றரை இன்ச் கூடுதலாக, 35க்கு 44 இருக்க வேண்டும். சேலையில் ஒரு கஜம் வெட்டினால் 36 இன்ச் நீளம், அகலம் 45 பக்கம் வரும், அதுவே சரியாக இருக்கும். இரண்டு ஓரத்திலும் உள்ள கெட்டி விளிம்பை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள். விளிம்பு நெருக்கமாக நெய்ததால் அது இறுக்கியே பிடிக்கும்.

தரையைத் துடைத்துக் காயவிட்டு, அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். சிமெண்டுத் தரையோ டைல்ஸோ நல்லது. பாயில் விரிக்காதீர்கள். நான் பத்தமடைப் பாயில் விரித்துத் தைத்து, ஊசி கோரையையும் சேர்த்துக் கோத்துவிட்டது. தூக்கும்போது நாலு கோரை முறிந்தது, அது ஆச்சியின் கல்யாணப் பாய்.

நான்கு பக்கமும் நடுவில் முதலில் டேப் ஒட்டி, அப்புறம் மூலைகளுக்குப் போங்கள். துணி சமமாகக் கிடந்தால் போதும். முறுக்கி இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் அது பழைய அளவுக்குத் திரும்பி மேல்துணியைச் சுருக்கும்.

அதன்மேல் பெட்ஷீட், அதன்மேல் ஒட்டுத்துணி. ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் நீவுங்கள். பிறகு நீள ஊசியில் வெளிர்நிற நூல் கோத்து, பெரிய பெரிய ஓட்டுத் தையலாக, நடுவிலிருந்து நான்கு திசைக்கும் ஓட்டுங்கள். டெய்லர்கள் கச்சாத் தையல் என்பது இதைத்தான். கோட்டுக்கும் கோட்டுக்கும் நாலு விரல் இடைவெளி. நெடுக்கும் குறுக்குமாக முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இதில் அவசரப்பட்டு நான் இழந்தது இரண்டு வாரம்.

சேஃப்டி பின் போடலாமே என்றால், புதுத்துணிக்குச் சரி. பழைய சேலையில் பின் குத்திய இடம் ஓட்டையாக நிற்கும், ரெண்டு நாள் விட்டால் துருக்கறை வேறு.

முடித்ததும் டேப்பை எடுத்துத் திருப்பிப் போட்டு, அடித்துணியை உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். கைக்கு முன்னால் துணி அலையாக ஓடினால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி நீவித் தையுங்கள். மெஷினில் போனபிறகு தையலைப் பிரிக்காமல் திருத்த முடியாது.

மெஷினில்

கால் மெஷின்தான் எனக்கு இஷ்டம். மூலை வந்ததும் சக்கரத்தைக் கையால் திருகி ஊசியை நினைத்த புள்ளியில் நிறுத்தலாம். கட்டம் சேர்க்க 14ஆம் நம்பர் ஊசி, மூன்று அடுக்குக்கு 16. புது ஊசி போடுங்கள், மழுங்கின ஊசி பழைய இழையை அறுத்துவிடும். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க அதன் தண்டுக்கு மேலே ஒரு திருகு இருக்கும், அதை ஒன்றிரண்டு சுற்று தளர்த்துங்கள். தையலை இன்ச்சுக்கு எட்டு விழுகிற மாதிரி பெரிதாக்குங்கள். வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதம் கிடைத்தால் வாங்குங்கள், மேல்துணியையும் அது சேர்த்து நகர்த்தும்.

நடுக்கோட்டில் தொடங்கி வலப்பக்கம் முடித்து, அப்புறம் இடப்பக்கம். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து கீழே, அடுத்தது கீழிருந்து மேலே என்று போனால் நடுவில் துணி சாய்ந்து அலையடிக்கும். ஒட்டுக்கு மேலேயே தைக்காமல் கால் இன்ச் தள்ளித் தைத்தால் ஊசிக்கும் சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

மெஷின் இல்லாதவர்கள் தடித்த நூலில் இரண்டு இன்ச் இடைவெளியில் கையால் ஓட்டலாம். வங்காளத்துக் காந்தா விரிப்பும், கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்களின் கவந்தி விரிப்பும் கையால் ஓட்டியவைதான்.

ஓரப்பட்டி

மிச்சத் துணியை மேல்துணியின் அளவுக்கு வெட்டிவிடுங்கள். சுற்றளவு 146 இன்ச், மூலைக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 158 வேண்டும். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 216 இன்ச். நீளவாட்டில் இரண்டரை இன்ச் பட்டை ஒன்றைக் கிழித்தால் ஒட்டே இல்லாமல் முழுதும் வந்துவிடும். இதற்காகவே ஒரு முழுச் சேலையை வெட்டாமல் வைத்திருங்கள்.

பட்டையை இரண்டாக மடித்து அயர்ன் பண்ணி, மேல்பக்கம் வைத்துத் தையுங்கள். மூலைக்குக் கால் இன்ச் முன்பே நிறுத்தி நூலை வெட்டி, பட்டையை நேர் மேலே மடித்து, பிறகு அடுத்த ஓரத்தோடு சேர்த்துக் கீழே மடியுங்கள். பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங்.

பின்னர் சேர்த்தது

குற்றாலம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார்கள், சாரல் காலத்தில் காயாமல் வாடை வருகிறதாம். அவர்கள் நடுவில் இரண்டு பெட்ஷீட் போட்டிருந்தார்கள். ஆனி, ஆடியில் துவைக்க வேண்டியிருந்தால் நடு அடுக்குக்கு ஒற்றைச் சேலையே போதும்.

இன்னொருவருக்கு இடையிடையே தையல் விழாமல் தாவியது. ஊசி பழசு, அதோடு ஒரு கட்டம் சின்தடிக். ஊசியை மாற்றியதும் பெரும்பாலும் சரியாகிவிட்டது.

தைத்து முடித்த குயில்ட்டை, கஞ்சி போக முதலில் ஒரு தடவை பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு கொடியில் அகலமாகப் போட்டு நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்து, விட்டுப்போன கச்சாத் தையல் நூல் எது இருந்தாலும் உருவிவிடுங்கள். அது பிள்ளையின் விரலில் சுற்றி இறுக்கிவிடும்.