ஜப்பானில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்களுக்கு

ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே குடியேறிய பெண்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அத்தைக்கு முடியவில்லை அக்கா, வேலையை விட்டுவிடட்டுமா?" விடாதீர்கள். மூத்த மகனின் மனைவிதான் பார்க்கவேண்டும் என்பது இங்கே பழைய வழக்கம். சட்டமோ (சிவில் சட்டம், பிரிவு 877) பெற்றோரைத் தாங்கும் பொறுப்பை முதலில் பெற்ற பிள்ளைகள் மேல்தான் வைக்கிறது. இதைக் கணவரிடம் சொல்லுங்கள். நாத்தனாரிடம் அவரே பேசிக்கொள்ளட்டும்.

சரி, நகராட்சி அலுவலகத்தில் பராமரிப்புக் காப்பீட்டுக்கு, அதாவது 'கைகோ ஹோக்கென்'னுக்கு மனுக் கொடுங்கள். 2000 ஏப்ரலில் வந்த திட்டம். 40 வயதானால் உங்களிடமும் சந்தா பிடிப்பார்கள், கூச்சமே வேண்டாம்.

மனுக் கொடுத்தபின் ஒருவர் வீட்டுக்கு வந்து 74 கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்புவார். இங்கேதான் கவனம். முந்தின இரவு கழிவறைக்குப் போக என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த என் மாமியார், அன்று உதட்டுச்சாயம் பூசி, முதுகு நிமிர உட்கார்ந்து, "எல்லாம் நானே செய்துகொள்கிறேன்" என்று சிரித்தார். விருந்தாளி முன்னால் தளர்ந்துபோய் இருப்பாரா அவர்? அவர் எதிரில் மறுத்துப் பேசாதீர்கள். எப்போது விழுந்தார், இரவில் எத்தனை முறை எழுந்தார், அடுப்பை அணைக்க மறந்தாரா என்று ஒரு பக்கம் முன்பே எழுதிவைத்து, வந்தவர் கிளம்பும்போது வாசலில் கொடுத்துவிடுங்கள்.

முடிவு விதிப்படி 30 நாளில் வரவேண்டும். பராமரிப்புத் தேவை என்று வந்தால், சேவைகளை ஏற்பாடு செய்யும் கேர் மேனேஜர் திட்டம் போடுவார், அதற்குக் கட்டணமில்லை. சேவைகளுக்குப் பெரும்பாலானோர் கட்டுவது செலவில் 10 சதவீதம். "மருமகள் வீட்டில் இருக்கிறாரே" என்று கேர் மேனேஜர் இழுத்தால் உங்கள் வேலை நேரத்தைப் பளிச்சென்று சொல்லுங்கள். பகலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் டே சர்வீஸில் குளிப்பாட்டியும் விடுவார்கள். என் இடுப்புக்கு அது ஒன்றே பெரிய உபகாரம்.

ஊழியர்களுக்குப் பராமரிப்பு விடுப்பு 93 நாள், மூன்று தவணையாகப் பிரிக்கலாம், மாமியாருக்காகவும் எடுக்கலாம். வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 67 சதவீதம் வரும். கணவருக்கும் தனியாக 93 நாள் உண்டு. எங்கள் வீட்டில் முதல் தவணை அவருடையதுதான்.

அப்புறம் பணம். மருமகள் வாரிசு இல்லை. ஆனால் 2019 ஜூலை முதல், கூலியில்லாமல் பராமரித்த மருமகள் வாரிசுகளிடம் தொகை கேட்கலாம். அவர்கள் ஒத்துவராவிட்டால் குடும்ப நீதிமன்றம். அங்கே போகக் கெடு உண்டு: இறப்பும் வாரிசு யார் என்பதும் தெரிந்து ஆறு மாதம், எப்படியும் இறந்து ஒரு வருடத்துக்குள். தேதி போட்டு எழுதிய நோட்டும் ரசீதுகளும்தான் சாட்சி. இதைவிட மாமியாரே உங்களுக்கு எழுதிவைக்கும் உயில் சுலபம். கையால் எழுதிய உயிலைச் சட்ட விவகார அலுவலகத்தில் 3,900 யென்னுக்குப் பத்திரப்படுத்தலாம். மாமியாரே நேரில் போகவேண்டும், அதனால் அவருக்கு நடமாட்டம் இருக்கும்போதே கேட்டுப்பாருங்கள்.